பிலிப்பைன்ஸுக்கு இன்னொரு இரும்புக்கரம் வேண்டுமா?

வாசகர் கேள்வி, செப்டம்பர் 22, 2025

"நேற்று மணிலாவில் பெரிய கூட்டம், கல்வீச்சு, கைது என்று செய்தி பார்த்தேன். எனக்குத் தோன்றுவது இதுதான். 1960களில் ஆசியாவில் ஜப்பானுக்கு அடுத்த பணக்கார நாடு பிலிப்பைன்ஸ். அளவுக்கு மீறிய ஜனநாயகம் அதைக் கெடுத்துவிட்டது. லீ குவான் யூ மாதிரி ஒருவர் அங்கே வந்திருந்தால் இன்றைக்கு எங்கேயோ போயிருக்கும். அங்கே இருந்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?"

செப்டம்பர் 22, 2025, இரவு

நான் அங்கே இருந்தவன். மணிலாவை ஒட்டிய மரிக்கினாவில் வாடகை வீடு, பாசிக் நகரத்து ஒர்த்திகாஸில் வேலை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் கேட்கும் அந்த இரும்புக்கரம் ஏற்கெனவே வந்துவிட்டுப் போய்விட்டது. ஃபெர்டினண்ட் மார்கோஸ் 1965-இல் தேர்தலில் ஜெயித்தார். 1972 செப்டம்பரில் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். 1986 பிப்ரவரியில் ஜனங்கள் மணிலாவின் எட்சா சாலையை நிறைத்தபோது ஹவாய்க்கு விமானம் ஏறினார். இருபது வருடம் பதவி. அதில் பாதிக்கு மேல் அவரைத் தைரியமாகக் கேள்வி கேட்கும் நாடாளுமன்றமோ சுதந்திரமான பத்திரிகையோ இல்லாத காலம். அந்தக் காலத்தில் நாடு எங்கே போனது என்று பார்க்காமல் "ஒருவர் வந்திருந்தால்" என்று ஆரம்பிக்க முடியாது.

"ஜப்பானுக்கு அடுத்து" என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தென் கொரியாவையும் தாய்லாந்தையும்விட அன்று பிலிப்பைன்ஸின் தனிநபர் வருமானம் அதிகம், அது உண்மை. ஆனால் மலாயா, சிங்கப்பூர், ஹாங்காங் மூன்றும் அப்போதே முன்னால் இருந்தன.

செப்டம்பர் 23

மார்கோஸ் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். "சாலை போட்டாரே, ஆஸ்பத்திரி கட்டினாரே" என்று உடனே ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டினார். கேசோன் சிட்டியில் அவர் காலத்து இதய மருத்துவமனைக்கு இன்றும் ஏழைகள் போகிறார்கள்.

அவர் பதவிக்கு வந்தபோது நூறு கோடி டாலரைத் தொடாத வெளிநாட்டுக் கடன், போனபோது ஏறத்தாழ 2,600 கோடி டாலர். 1983 ஆகஸ்ட் 21 அன்று எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அக்கீனோவை விமான நிலையத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். அக்டோபரில் கடன் தவணை கட்ட முடியாது என்று அரசு கைவிரித்தது. 1984, 1985 இரண்டு வருடமும் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. ஒரு வருடம் அப்படிச் சுருங்கினாலே குடும்பங்கள் சிதறிப்போகும். அங்கே வரிசையாக இரண்டு வருடம்.

பத்தான் அணுமின் நிலையம் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் பெருமூச்சு விடுவார்கள். 620 மெகாவாட் நிலையம், 200 கோடி டாலருக்கு மேல் செலவு. ஒரு யூனிட் மின்சாரம்கூட அதிலிருந்து வரவில்லை. அந்தக் கடனைக் கட்டி முடிக்க 2007 ஆயிற்று. மார்கோஸ் ஓடியபோது பிறக்காத பிள்ளைகள் வளர்ந்து, வேலைக்குப் போய், அதற்கு வரி கட்டியிருக்கிறார்கள்.

சித்திரவதை, காணாமல் போனவர்கள் என்று பேசினால் "அதெல்லாம் எதிர்க்கட்சிப் பிரசாரம்" என்கிறார்கள். 2013-இல் நாடாளுமன்றமே ஒரு சட்டம் இயற்றி, விசாரித்து, 11,103 பேரை ராணுவச் சட்டக் காலத்தின் பாதிப்பாளர்கள் என்று அங்கீகரித்து இழப்பீடு கொடுத்தது. அந்த 1,000 கோடி பெசோ எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்விஸ் வங்கிகளிலிருந்து மீட்ட மார்கோஸ் பணம். அது முறைகேடாகச் சேர்த்த சொத்து என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்திருந்தது.

செப்டம்பர் 24

நேற்று முழுக்கப் பழைய கதையாகப் போய்விட்டது. 21-ஆம் தேதி ஜனங்கள் ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

இன்றைய அதிபர் அந்த மார்கோஸின் மகன். ஜூலை 28 அன்று நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டு உரையில், வெள்ளத் தடுப்புப் பணத்தைத் தின்றவர்களைப் பார்த்து "வெட்கப்படுங்கள்" என்றார். உறுப்பினர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஆகஸ்டில் கணக்கு வெளியிட்டார். 2022 ஜூலையிலிருந்து 54,500 கோடி பெசோ, 9,855 பணிகள். அதில் ஐந்தில் ஒரு பங்குப் பணம் வெறும் 15 ஒப்பந்ததாரர்களுக்குப் போயிருக்கிறது. புலக்கான் மாகாணத்தில் பலிவாக் என்ற ஊருக்கு அவரே போய்ப் பார்த்தார். 5.5 கோடி பெசோவில் "முடிந்துவிட்டது" என்று காகிதத்தில் இருந்த ஆற்றுச் சுவருக்கு, அந்த இடத்தில் ஒரு கல்கூட இல்லை.

அதே புலக்கானில் மலோலோஸ் நகரத்தில் பரசோயின் தேவாலயம் இருக்கிறது. 1899 ஜனவரியில் ஆசியாவின் ஆரம்பகாலக் குடியரசுகளில் ஒன்றான பிலிப்பைன்ஸ் குடியரசு அங்கேதான் தொடங்கி வைக்கப்பட்டது. இந்த ஜூலையில் அந்தத் தேவாலயத்துக்குள் முழங்காலளவு வெள்ளம். குறித்த தேதியைத் தள்ளிப்போட மனமில்லாத ஒரு ஜோடி அந்தத் தண்ணீருக்குள்ளேயே நடந்து போய்க் கல்யாணம் செய்துகொண்டது. மணப்பெண்ணின் வெள்ளை உடையின் நீண்ட வால் பழுப்புத் தண்ணீரில் மிதந்து வந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "பிலிப்பைன்ஸ் மக்களின் மனவலிமை" என்று தலைப்புப் போட்டு உலகமே பகிர்ந்தது. எனக்கு அந்தத் தலைப்பு வலிக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வேண்டியது காய்ந்த தரை.

செப்டம்பர் 25

"பணம் எப்படி அவ்வளவு சுலபமாகக் காணாமல் போகும்? டெண்டர் இல்லையா?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது. பட்ஜெட் நாடாளுமன்றத்துக்குப் போகும். கீழவை, செனட் இரண்டும் தனித்தனியாக நிறைவேற்றிய பிறகு, வேறுபாடுகளைச் சரிசெய்ய ஒரு சிறு குழு மூடிய அறையில் உட்காரும். அங்கேதான் புதுப் பணிகள் நுழையும். மேலே யாரும் கேட்டிராத ஒரு கால்வாய்ச் சுவர் ஒரு தொகுதியின் பெயரில் முளைக்கும். பணம் பொதுப்பணித் துறையின் மாவட்டப் பொறியாளர் அலுவலகத்துக்குப் போகும். டெண்டரில் நான்கு கம்பெனி கலந்துகொள்ளும், பல நேரம் நான்கும் ஒரே ஆட்களுடையது. 10 முதல் 25 சதவீதம் வரை கமிஷன் கேட்டார்கள் என்று ஒப்பந்ததாரர்களே இந்த மாதம் செனட் விசாரணையில் சத்தியம் செய்து சொன்னார்கள். அந்தக் கமிஷன் போக மீதியில்தான் சிமெண்ட், கம்பி, கூலி, லாபம்.

இது 2013-இல் ஏற்கெனவே நடந்த கதை. அன்று போலித் தொண்டு நிறுவனங்கள் வழியாகத் தொகுதி நிதி போனது. லுனேத்தா பூங்காவில் ஜனங்கள் திரண்டார்கள். அந்த வருடம் நவம்பரில் உச்ச நீதிமன்றம் தொகுதி நிதியே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. பெயர் போனது, பழக்கம் போகவில்லை. அதனால்தான் "யாரைப் பிடிக்கிறார்கள்" என்பதைவிட "பட்ஜெட்டில் யார் கை வைக்க முடிகிறது" என்பதைப் பாருங்கள் என்கிறேன்.

செப்டம்பர் 28

"ஜனங்களே ஓட்டை விற்கிறார்கள், அவர்களுக்கு இது வேண்டும்" என்று எழுதிய நண்பருக்கு. கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வாதம்தான் எனக்குக் கோபம் வரவைக்கிறது.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் சொந்த ஊர் புலக்கான் மாகாணத்து ஹகோனோய். மணிலா விரிகுடாவை ஒட்டிய தாழ்ந்த பூமி. மழையே இல்லாத நாளிலும் கடல் ஏற்றத்துக்குத் தெருவில் தண்ணீர் வரும். ஊர்த் திருவிழாவுக்கு ஒருமுறை கூப்பிட்டிருந்தாள், போயிருந்தேன். வீட்டுக்குள் நுழையத் தலையைக் குனிய வேண்டியிருந்தது. முன்பு தெருவிலிருந்து நான்கு படி ஏறி வீட்டுக்குள் போவார்களாம். சாலையை ஒவ்வொரு முறை உயர்த்தியபோதும் ஒவ்வொரு படியாக மண்ணுக்குள் போயிற்று. பிறகு தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று வீட்டுக்காரர்கள் தரையை உயர்த்தினார்கள். கூரை அதே இடத்தில் நிற்கிறது. மின்விசிறியைக் கழற்றிச் சுவரில் மாட்டியிருந்தார்கள், ஏனென்றால் அது தலையில் இடிக்கும் உயரத்துக்கு வந்துவிட்டது.

அவளுடைய அம்மா எனக்குச் சோறு பரிமாறிக்கொண்டே, மாடியில் புதிதாகக் கட்டிய அறையைக் காட்டினார். கப்பலில் வேலை பார்க்கும் மூத்த மகன் அனுப்பிய பணம். வெள்ளம் வந்தால் குளிர்சாதனப் பெட்டி முதல் அரிசி மூட்டை வரை மேலே ஏற்றுவதற்காகவே அந்த அறை. அரசாங்கம் கரைக்காக ஒரு முறை செலவழிக்கிறது, கரை வரவில்லை. மகன் மாடிக்காக இரண்டாவது முறை செலவழிக்கிறான். இரண்டும் அந்தக் குடும்பத்துப் பணம்தான்.

இப்போது ஓட்டு விஷயம். அந்த அம்மாவின் கணவருக்கு சிறுநீரகக் கோளாறு வந்தபோது மருத்துவமனை பில் கட்ட வழியில்லை. மகள் என்ன செய்தாள்? அதிகாலையில் எழுந்து, டாக்டர் எழுதிய நோய்க் குறிப்பு, பரங்காய் (ஊர் வார்டு) தலைவரிடம் வாங்கிய ஏழ்மைச் சான்று, பில் நகல் எல்லாம் எடுத்துக்கொண்டு தொகுதி உறுப்பினர் அலுவலக வாசலில் வரிசையில் நின்றாள். "கேரண்டி லெட்டர்" என்று ஒரு கடிதம் கொடுப்பார்கள். இவ்வளவு தொகைக்கு அரசு பொறுப்பு என்று எழுதியிருக்கும், அதை மருத்துவமனையில் காட்டினால் பில் குறையும். ஒரு முறை நானும் துணைக்குப் போனேன். விடிவதற்கு முன்பே பிளாஸ்டிக் நாற்காலிகளில் கூட்டம். சுவரெல்லாம் உறுப்பினரின் சிரித்த முகம் போட்ட காலண்டர். அது அரசுப் பணம், மக்கள் வரிப்பணம். ஆனால் கடிதத்தைக் கையில் வாங்கியவுடன் அவள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நன்றி சொன்னாள்.

இவளிடம் போய் "ஏன் அந்தக் குடும்பத்துக்கு ஓட்டுப் போட்டாய்" என்று கேட்க எனக்கு வாய் வராது. மூன்று மாதம் கழித்து அப்பாவுக்கு மறுபடி டயாலிசிஸ் கடிதம் வேண்டும்.

செப்டம்பர் 28, பின்னிரவு

மேலே சொன்னதற்கு ஒன்று சேர்க்க வேண்டும், இல்லையென்றால் விஷயம் புரியாது. நாட்டின் பொது மருத்துவக் காப்பீட்டுக் கழகமான ஃபில்ஹெல்த்துக்கு 2025 பட்ஜெட்டில் அரசு மானியம் பூஜ்யம். ஆனால் கேரண்டி லெட்டர் கொடுக்கும் திட்டத்துக்கு நிதி உண்டு. அதாவது, அட்டையைக் காட்டி யார் தயவும் இல்லாமல் வாங்கவேண்டிய சிகிச்சையை, ஒரு குடும்பத்தின் வாசலில் நின்று வாங்கும் உதவியாக மாற்றுகிறார்கள். ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் சாவியை ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு, அந்த வீட்டுக்கு ஊரே ஏன் கும்பிடு போடுகிறது என்று கேட்பது நியாயமா?

நான் இந்த இழையில் சொல்ல வருவது இதுதான். மேலே ஒரு நல்ல சர்வாதிகாரியை உட்காரவைத்தாலும் அந்த வாசல் அங்கேயேதான் இருக்கும்.

அக்டோபர் 2

டாவாவோவில் மருத்துவம் படித்த தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, எங்கள் ஊரில் இரவு 12 மணிக்கும் பெண்கள் தைரியமாக நடந்து போவார்கள். டுட்டெர்டே மேயராக வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். சும்மா எதிர்க்காதீர்கள்."

தம்பி, நான் கேட்டிருக்கிறேன். 1980களின் டாவாவோ பயங்கரமானதுதான். கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள், அவர்களை எதிர்த்த ஆயுதக் கும்பல்கள் என்று தினம் பிணம் விழுந்த ஊர். நம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் அங்கே நிம்மதியாகப் படித்துவிட்டு வருகிறார்கள், அவர்களுடைய பெற்றோருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். புகை பிடிக்கத் தடை, அவசர உதவி எண், ஒழுங்கான போக்குவரத்து எல்லாம் நிஜம்.

ஆனால் டுட்டெர்டே 2016-இல் அதிபராகி, போதைப்பொருளுக்கு எதிரான போர் என்று அதே முறையை நாடு முழுக்கக் கொண்டுபோனபோது என்ன ஆயிற்று? போலீஸ் தன் கணக்கிலேயே 6,200 பேருக்கு மேல் நடவடிக்கைகளில் இறந்ததாகச் சொல்கிறது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. 2017 ஆகஸ்டில் கலோக்கானில் 17 வயது மாணவன் ஒருவனை போலீஸ் சுட்டுக் கொன்றது. அவன் துப்பாக்கியால் சுட்டான் என்றார்கள். அவனை இழுத்துக்கொண்டு போவது தெருக் கேமராவில் பதிவாகியிருந்ததால் மூன்று போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைத்தது. கேமரா இல்லாத சந்துகளில் செத்தவர்கள் வீட்டில் போய்க் கேளுங்கள், பெரும்பாலும் தகரக் கூரை வீடுகள்.

உங்கள் ஊரையே இன்னொரு கோணத்தில் பாருங்கள். டுட்டெர்டே குடும்பத்தில் அப்பா மேயர், மகள் மேயர், இளைய மகன் மேயர், மூத்த மகன் நாடாளுமன்ற உறுப்பினர். இந்த மார்ச்சில் சர்வதேச குற்றவியல் நீதிமன்ற வாரண்டில் டுட்டெர்டேயைப் பிடித்து ஹேக் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். மே மாதம் அந்தக் காவலில் இருந்தபடியே மறுபடி டாவாவோ மேயராக ஜெயித்தார், இளைய மகன் துணை மேயர். பாதுகாப்பான தெருவுக்கு நன்றியாக ஒரு ஊர் ஏறத்தாழ நாற்பது வருடமாக ஒரே குடும்பத்திடம் இருக்க வேண்டுமா? இதை நீங்கள் டாக்டராக யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபர் 3

மணிலாவில் இருப்பது மார்கோஸ் குடும்பத்துக்கும் டுட்டெர்டே குடும்பத்துக்கும் சண்டை, அதனால்தான் ஊழல் வெளியே வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. 2022-இல் இருவரும் ஒரே அணி. மார்கோஸுக்கு 3 கோடியே 10 லட்சத்துக்கு மேல் ஓட்டு, துணை அதிபருக்கு நின்ற சாரா டுட்டெர்டேக்கு அதைவிடவும் கூடுதல். எதிர்த்து நின்ற லெனி ரொப்ரேடோவுக்கு ஒன்றரைக் கோடி. பிறகு அணி உடைந்தது. எப்படி வந்தாலும் வெளியே வந்த கணக்கு வந்ததுதான்.

அக்டோபர் 12

ஒரு பெரியவர் அரிசி பற்றிக் கேட்டிருக்கிறார். தஞ்சாவூர்க்காரராம். "ஐ.ஆர்.8 கொடுத்த நாடு ஏன் அரிசி வாங்கித் தின்கிறது?"

ஐயா, நல்ல கேள்வி. எங்கள் வீட்டிலும் ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20, ஐ.ஆர்.50 என்று பேசியே வளர்ந்தோம். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருப்பது லாகுனா மாகாணத்து லோஸ் பானியோஸ் நகரில் 1960-இல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். ஐ.ஆர்.8 வெளிவந்தது 1966-இல். நான் முதன்முதலில் அந்த வயல்களின் வரப்பில் நின்றபோது உண்மையிலேயே மெய் சிலிர்த்தது. எங்கள் தாத்தா தலைமுறையின் பசியைத் தணித்த பயிர் இங்கேயிருந்து வந்தது என்ற நினைப்பு.

இன்று அதே நாடு உலகத்திலேயே அதிகமாக அரிசி இறக்குமதி செய்யும் நாடு. 2024-இல் 45 லட்சம் டன்னுக்கு மேல். எல்லாப் பழியையும் அரசியல்வாதி மேல் போட முடியாது. காவிரி, மீகோங் போல விரிந்த டெல்டா அங்கே கிடையாது. தீவுகளாகச் சிதறிய நாடு, நடுவே மலை. வருடத்துக்கு இருபது புயல் பக்கம் வருகிறது. கதிர் பிடிக்கும் நேரத்தில் ஒன்று அடித்தால் போதும். 11 கோடிக்கு மேல் ஜனத்தொகை, மூன்று வேளையும் சோறு.

ஆனாலும் அரசியலுக்குப் பங்கு உண்டு. மூத்த மார்கோஸ் 1973-இல் மசகானா 99 என்று ஹெக்டேருக்கு 99 மூட்டை இலக்கு வைத்து ஈடில்லாக் கடன் கொடுத்தார். சில வருடம் விளைச்சல் ஏறியது, கொஞ்சம் ஏற்றுமதிகூட நடந்தது. கடன் திரும்பி வரவில்லை, கிராம வங்கிகள் திணறின, திட்டம் படுத்துவிட்டது. இன்றும் "அவர் காலத்தில் அரிசி ஏற்றுமதி செய்தோம்" என்பார்கள், வங்கிகளின் கதையைச் சொல்ல மாட்டார்கள்.

2019-இல் இறக்குமதிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு 35 சதவீத வரி மட்டும் வைத்தார்கள். 2024-இல் அதையும் 15 ஆக்கினார்கள். நகரத்தில் சோறு வாங்குகிறவனுக்கு விலை குறைய வேண்டும், அது நியாயம். ஆனால் அறுவடை நேரத்தில் வியட்நாம் அரிசி துறைமுகத்தில் நிற்கும்போது நுவேவா எசிகா மாகாணத்து விவசாயியின் ஈர நெல்லை எவன் நல்ல விலைக்கு எடுப்பான்? காயவைக்கும் களம் இல்லாமல் ஊர்ச் சாலையில் ஒரு பக்கத்தை அடைத்து நெல் காயப்போட்டிருப்பார்கள். ஜீப்னி என்ற சிறு பேருந்து மெதுவாக ஒதுங்கிப் போகும். கிலோ 20 பெசோவுக்கு அரிசி என்று தேர்தலில் சொன்னார் இன்றைய அதிபர். இந்த வருடம் செபுவில் தொடங்கி மானிய விலையில் குறிப்பிட்ட ஆட்களுக்குக் கொடுக்கிறார்கள். மானியம் போடும் பணத்தில் ஒரு பகுதியை உலர்த்தும் இயந்திரத்துக்கும் வாய்க்காலுக்கும் போட்டால் விவசாயிக்கு அது தங்கும் என்பது என் கருத்து.

அக்டோபர் 15

ஒரு நல்ல செய்தி. அதிபர், துணை அதிபர், உயர் அதிகாரிகள் கொடுக்கும் சொத்துப் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி 2020-இல் போட்ட கட்டுப்பாட்டை ஊழலை விசாரிக்கும் அமைப்பின் தலைவரான இப்போதைய ஒம்புட்ஸ்மன் தளர்த்தியிருக்கிறார். நம் ஊர் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாதிரி ஒன்று அங்கே இன்னும் நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை. 2016-இல் வந்த அதிபர் ஆணை மட்டும் உண்டு, அது நாடாளுமன்றத்தைத் தொடாது.

அக்டோபர் 20

"குடும்ப ஆட்சி குடும்ப ஆட்சி என்கிறீர்களே, நல்ல குடும்பம் இருந்தால் என்ன தப்பு? உங்கள் மரிக்கினாவையே பாருங்கள்" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். யோசிக்க வைத்த கேள்வி, அதனால் தாமதமாக எழுதுகிறேன்.

மரிக்கினாவை பயானி ஃபெர்னாண்டோ 1992 முதல் 2001 வரை மேயராக இருந்து மாற்றினார். சாக்கடையாகக் கிடந்த ஆற்றங்கரையைச் சுத்தம் செய்து, நடைபாதை போட்டு, கரையில் இருந்த குடிசைவாசிகளுக்கு ஊருக்குள்ளேயே மனை கொடுத்தார். நான் அந்தக் கரையில் மாலை நடை போயிருக்கிறேன். 2020 நவம்பரில் உலிசஸ் புயலில் ஆறு 22 மீட்டரைத் தொட்ட இரவு, சைரன் ஒலித்தவுடன் எங்கள் தெரு மொத்தமும் எங்கே போகவேண்டும், எந்தப் பள்ளிக்கூடம் என்று பதறாமல் நடந்தது. அந்தப் பழக்கம் ஒரு நல்ல நகராட்சி உண்டாக்கியது. அவருக்குப் பிறகு மேயரானவர் அவர் மனைவி. ஒன்பது வருடம். நன்றாகவே நடத்தினார்.

பாசிக்கில் ஒரே குடும்பம் 27 வருடம் ஆண்டது. 2019-இல் விக்கோ சொட்டோ என்ற இளைஞர் அதை முடித்தார். டெண்டரை வெளிப்படையாக்கினார். வெள்ளத் தடுப்பு வழக்கில் இன்று பேர் அடிபடும் ஒப்பந்ததாரர் குடும்பத்திலிருந்தே ஒருவர் இந்த மே மாதம் அவரை எதிர்த்து நின்று பெரிய வித்தியாசத்தில் தோற்றார். நான் தினமும் வேலைக்குப் போன நகரம் அது, மகிழ்ச்சியாக இருந்தது. விக்கோவும் பெரிய நடிகரின் மகன், இன்றைய செனட் தலைவரின் உறவு. அதையும் மறைக்கக் கூடாது.

என் பதில் இது. கெட்ட குடும்பம் வந்தால் வெளியேற்ற வழி இருக்கிறதா என்பதை வைத்துத்தான் சட்டம் எழுத வேண்டும். 1987 அரசியல் சட்டம் 2-ஆம் பிரிவு 26-ஆம் பகுதி, அரசியல் வாரிசுக் குடும்பங்களைத் தடை செய்கிறது, "சட்டம் வரையறுக்கிறபடி" என்ற நிபந்தனையோடு. அந்த வரையறைச் சட்டத்தை எழுத வேண்டியவர்கள் அந்தக் குடும்பங்களின் உறுப்பினர்கள். 38 வருடமாக எழுதவில்லை. இளைஞர் மன்றத் தேர்தலுக்கு மட்டும் 2016-இல் சட்டமாக்கினார்கள். 24 பேர் கொண்ட இன்றைய செனட்டில் உடன்பிறந்தவர்கள் நான்கு ஜோடி: வில்லார், கயெட்டானோ, துல்ஃபோ, அப்புறம் எஸ்ட்ராடாவின் இரண்டு மகன்கள்.

ஜெசி ரொப்ரேடோவைப் பற்றியும் ஒரு வரி. நாகா நகரத்தை ஊரே சேர்ந்து நடத்தும் நகராட்சியாக மாற்றியவர், 2000-இல் மக்சேசே விருது பெற்றார், 2012-இல் விமான விபத்தில் போய்விட்டார். அவர் மனைவி லெனி இந்த வருடம் அங்கே மேயர். அவருக்கு ஓட்டில்லாத நான் அவர் ஜெயித்த செய்தி கேட்டு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். என் விதிப்படி அவரையும் கேள்வி கேட்க வேண்டும், கேட்கிறேன்.

நவம்பர் 6

செபு. இரண்டு நாளாக வேறெதுவும் எழுத முடியவில்லை. கல்மேகி புயல், அங்கே டீனோ என்கிறார்கள். தலிசாய், லிலோவான் பக்கம் கார்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள், எண்ணிக்கை இன்னும் ஏறுகிறது. செப்டம்பர் 30 நிலநடுக்கத்தில் வீடு இழந்தவர்கள் கூடாரத்தில் இருக்கும்போதே இது.

மாகாண ஆளுநர் கேட்கிறார்: 2,600 கோடி பெசோ வெள்ளத் தடுப்புக்குப் போட்டதாகக் கணக்கு, பிறகு எப்படி இப்படி?

நவம்பர் 9

நேற்று ஒருவர் "ஊழல் இல்லையென்றால் வெள்ளமே வந்திருக்காதா?" என்று கேட்டார். வந்திருக்கும். ஒரு நாளில் அவ்வளவு மழை கொட்டினால் எந்த ஊரும் தாங்காது. செபுவில் மலைச்சரிவை வெட்டி வீட்டுமனை போட்டதும் சேர்ந்துகொண்டது. ஆனால் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் ஏறுவதற்கும் அரை மணி நேரத்தில் ஏறுவதற்கும் வித்தியாசம் உயிர். சரியான கரை, மேலே தேக்கம், தூர்ந்த வாய்க்காலைத் தோண்டுவது, இவை அந்த நேரத்தை வாங்கிக் கொடுக்கும்.

நாடு முன்னேறவே இல்லை என்று நான் சொல்வதாகவும் நினைக்க வேண்டாம். 2021-இல் 18.1 சதவீதமாக இருந்த வறுமை 2023-இல் 15.5 ஆயிற்று. 2012-இல் புகையிலை, மது வரியை ஏற்றி அந்தப் பணத்தை மருத்துவத்துக்குக் கொடுத்தார்கள், எவ்வளவு எதிர்ப்பு வந்தும். 2017 முதல் அரசுக் கல்லூரிகளில் கட்டணம் இல்லை. பள்ளிக்கு ஒழுங்காக வரும் பிள்ளைகளின் ஏழைக் குடும்பத்துக்குப் பணம் தரும் திட்டம் சட்டமாகவே இருக்கிறது. இதெல்லாம் தேர்தலும் சத்தமும் நிறைந்த அந்த ஜனநாயகத்தில் வந்தவை, முதல் கேள்வி கேட்ட நண்பர் இதைக் குறித்துக்கொள்ளட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் 2024-இல் 3,400 கோடி டாலருக்கு மேல் அனுப்பினார்கள். அந்தப் பணம் இல்லாவிட்டால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் அதே பணம்தான் அரசைக் கோபத்திலிருந்து காப்பாற்றுகிறது. பள்ளி சரியில்லை என்றால் துபாய்ப் பணத்தில் தனியார் பள்ளி. கரை இல்லையென்றால் கப்பல் பணத்தில் மாடி.

இப்போது அந்த ஊழலின் விலை தெரிய ஆரம்பித்திருக்கிறது. மூன்றாம் காலாண்டு வளர்ச்சி 4.0 சதவீதம். பொதுப்பணிகள் நின்றுபோனதும் காரணம். வியட்நாம் தனிநபர் வருமானத்தில் 2020 வாக்கிலேயே தாண்டிப் போய்விட்டது.

டிசம்பர் 1

நேற்று விடுதலைப் போராட்ட வீரர் பொனிஃபாசியோவின் தினம். மறுபடி எட்சாவில் கூட்டம், பாதிரியார்களும் மாணவர்களும். ஹகோனோய்த் தோழியும் போயிருந்தாள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அம்மா கையில் அட்டை ஒன்றும் பிடிக்கவில்லையாம், ஆனால் வீட்டில் வெள்ளத்துக்குப் போடும் ரப்பர் பூட்ஸை வெயிலில் போட்டுக்கொண்டு நின்றாராம்.

டிசம்பர் 11

இது முக்கியம். அதிபர் நேற்று முன்தினம் வாரிசுக் குடும்பத் தடைச் சட்டத்தை முன்னுரிமையாக எடுக்கச் சொன்னார். நேற்று கீழவையில் மசோதா தாக்கலானது. தாக்கல் செய்தவர்கள் சபாநாயகர் போஜி டீயும் அதிபரின் மகன் சாண்ட்ரோ மார்கோஸும். இசபெலா மாகாணத்தில் டீ குடும்பம் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

"நாடகம்" என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 38 வருடமாக நிறைவேறாதது மறுபடி மேசைக்கு வந்திருக்கிறது, அதைக் கொண்டுவந்தது தெருவில் நின்ற கூட்டம். ஆனால் மசோதாவைப் படிக்கும்போது ஒரே ஒரு இடத்தில் விரலை வையுங்கள். ஒரே நேரத்தில் உறவினர்கள் பதவியில் இருப்பதை மட்டும் தடுக்கிறதா, அல்லது ஒருவருக்குப் பின் ஒருவர் வருவதையும் தடுக்கிறதா? மேயருக்கும் கீழவை உறுப்பினருக்கும் தொடர்ந்து மூன்று முறைதான், ஒன்பது வருடம். பத்தாவது வருடம் மனைவி, பத்தொன்பதாவது வருடம் மகன் என்று அந்த நாற்காலி வீட்டைவிட்டுப் போகாமல் இருப்பது இந்த ஓட்டையால்தான். அடுத்தடுத்து வருவதைத் தடுக்காத சட்டம் ஹகோனோய்க்கு ஒன்றும் செய்யாது. குழு விவாதம் தொடங்கியதும் அந்தப் பிரிவில் என்ன மாறுகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.